டிசம்பர் வெயிலில் கிறிஸ்துமஸ் மேசை: எங்கே போடுவது, எதை வைப்பது?

சிட்னிக்கு வந்த முதல் வருடம் நான் போட்ட கிறிஸ்துமஸ் மேசையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். சிவப்பு விரிப்பு, தங்க நிற ரிப்பன், பஞ்சுப் பனி, நடுவில் வரிசையாக ஆறு நீள மெழுகுவர்த்தி. வாழ்த்து அட்டையில் இருக்குமே, அதே மேசை. அதைக் கொண்டுபோய்ப் பின்பக்கத் தோட்டத்தில் போட்டேன். மதியம் ஒரு மணி, வெளியே 38 டிகிரி. இறாலை எடுத்துவர உள்ளே போனவள் திரும்புவதற்குள் நாத்தனார் கத்தினாள்: "அண்ணி, மெழுகுவர்த்தி எல்லாம் கும்பிடு போடுது பாருங்க!" ஆறும் இடுப்பொடிந்து விரிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. இன்னும் ஏற்றவே இல்லை. பிள்ளைகளுக்கென்று தட்டுக்குத் தட்டு வைத்திருந்த சாக்லேட் காசுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் நாகர்கோவில்காரி. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் மார்கழிப் பனி, விடிவதற்கு முன் ஆராதனை, காதை மூடிய சால்வை. இங்கே டிசம்பர் என்பது நம்மூர்ச் சித்திரை. பள்ளி விடுமுறையும் மாம்பழமும் வியர்வையும் ஒன்றாக வரும். அதனால், புதிதாகக் குடிவந்த யாராவது "மேசையை எப்படி அலங்கரிக்கலாம்?" என்று கேட்டால், நான் முதலில் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்த இடத்தில் என்றுதான் கேட்பேன். அது முடிவானால் பாதி அலங்காரம் தானாக முடிவாகிவிடும்.

உள்ளேயா, வெளியேயா, மாலையா

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான வீடுகளில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் மதியச் சாப்பாடுதான். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால், சிட்னியில் டிசம்பர் மாத உச்சிப்பொழுது பன்னிரண்டுக்கு வராது, ஏறக்குறைய ஒரு மணிக்கு வரும். அதாவது, எல்லோரும் தட்டோடு உட்காரும் நேரமும் சூரியன் தலைக்கு மேல் நிற்கும் நேரமும் ஒன்று. புற ஊதாக் கதிரின் குறியீட்டு எண் (UV index) அப்போது, மிகக் கடுமை என்று சொல்லும் 11ஐத் தாண்டுவது சாதாரணம். நிழல்குடை ஒன்று போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். குடை நிழல் நகரும், மேசை நகராது.

எந்தப் புறநகரில் வீடு என்பதும் கணக்கில் வரும். கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்குப் பிற்பகல் கடற்காற்று கைகொடுக்கும். நம் ஆட்கள் நிறைய இருக்கிற டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் அந்தக் காற்று வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். இன்னும் மேற்கே பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் தேதி 48.9 டிகிரி பதிவானது. கடலோரத்து வீட்டின் புகைப்படத்தைப் பார்த்து மேற்குச் சிட்னியில் மேசை போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

வீட்டுக்குள் ஏசி போட்டு மதியம் சாப்பிடுவது பாதுகாப்பான வழி. மெழுகுவர்த்தி நிமிர்ந்து நிற்கும், பூ வாடாது, ஈ கிடையாது. வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் நான் இரண்டாவது யோசனையே செய்ய மாட்டேன். குறை என்னவென்றால் இடம். ஒருவருக்கு 60 சென்டிமீட்டர் வீதம் கணக்குப் போட்டால், 14 பேருக்கு 180 சென்டிமீட்டர் மடக்கு மேசை இரண்டை முனையோடு முனை சேர்த்துப் போட வேண்டும். பக்கத்துக்கு ஆறு பேர், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். சாதாரண வீட்டின் சாப்பாட்டு அறையில் அது நுழைந்தால் நாற்காலி நுழையாது. இன்னொன்று, உள்ளே சாப்பிடுகிறோம் என்றால் வான்கோழியையும் ஓவன் அடுப்பில் வைக்கத் தோன்றும். மூன்று மணி நேரம் ஓவன் ஒரு பக்கம், ஏசி ஒரு பக்கம் மல்லுக்கு நிற்கும். இந்த ஊர்க்காரர்கள் ஹாமை (பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி) குளிரக் குளிர வெட்டி வைப்பதும், இறாலை ஐஸில் பரப்புவதும் சோம்பலால் அல்ல.

மதியம் வெளியே என்றால் கிழக்கு வராந்தா இருக்கிற வீட்டுக்கு மட்டும் சம்மதிப்பேன். இங்கே நம்மூர்த் திசைக்கணக்கு உதவாது. சூரியன் வடக்கு வானத்தின் வழியாகப் போகும். டிசம்பரில் நடுப்பகலில் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும். பிறகு மேற்கில் சாய்ந்து தென்மேற்கில் இறங்கும். ஆகவே மதியத்துக்கு மேல் சுவர் நிழல் விழுவது கிழக்குப் பக்கத்தில்தான். மேற்குப் பார்த்த வராந்தா சாயங்காலம் ஆறு மணிக்கும் அடுப்பு.

மூன்றாவது வழி, வெளியே மாலையில். என் ஓட்டு இதற்குத்தான். சிட்னியில் கிறிஸ்துமஸ் அன்று சூரியன் மறைய எட்டு மணி தாண்டும். ஆறரைக்கு உட்கார்ந்தால் நல்ல வெளிச்சத்தில் சாப்பிட்டு, இனிப்பு வரும்போது விளக்கைப் போடலாம். பகல் முழுக்க வேலை செய்யவும் நேரம் இருக்கிறது. இதில் இரண்டு தொல்லைகள். ஒன்று கொசு. மேசைக்கு இரு முனையிலும் ஸ்டாண்டு ஃபேன் வைத்தால் போதும், அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்கிற தெம்பு கொசுவுக்குக் கிடையாது. மற்றது, சிட்னிக்காரர்கள் 'சதர்லி' என்று சொல்லும் தென்காற்று. வெயில் கொளுத்திய நாளின் சாயங்காலம் திடீரென்று புறப்பட்டு வரும். சில நிமிடங்களில் பத்து டிகிரி குறையும். கூடவே விரிப்பு, நாப்கின், காகிதத் தட்டு எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகும். வெப்பம் தணிந்த சந்தோஷத்தில் யாரும் திட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

மெல்பர்னில் இருந்தால் மாலை இன்னும் நீளம், எட்டே முக்கால் வரை வெளிச்சம். ஆனால் அந்த ஊர் வானிலையை நம்பி எதையும் நிரந்தரமாகப் போட முடியாது. பிரிஸ்பேனில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அங்கே மாலை விருந்துக்கு விளக்கு அவசியம், கூடவே இடிமழை வந்தால் ஒதுங்கக் கூரையும்.

மூன்று விதத் தோற்றம்

இப்போது அலங்காரத்துக்கு வருவோம். கடைகளில் நவம்பரிலேயே மூன்று விதமான பொருள்கள் அடுக்கியிருப்பார்கள். ஐரோப்பியப் பனிக்கால மேசை, வெள்ளையும் நீலமுமான கடற்கரை மேசை, இந்த மண்ணின் செடிகளை வைத்துச் செய்யும் நாட்டுச் செடி மேசை.

பனிக்கால மேசையை நான் கிண்டல் செய்தாலும் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். சிவப்பு, பச்சை, தங்கம் மூன்றும் சேர்ந்தால்தான் மாமியாருக்கு அது கிறிஸ்துமஸ். ஏசி அறைக்குள் அது அழகாகவே இருக்கும். வெளியே கொண்டுபோனால்தான் வினை. அடர்சிவப்பு விரிப்பு வெயிலை இழுத்துவைத்துக்கொள்ளும், கை வைத்தால் சுடும். ஒட்டின மினுமினுப்பு வியர்த்த முழங்கையில் ஒட்டிக்கொண்டு புத்தாண்டு வரை வரும். பஞ்சுப் பனியில் ஈ சிக்கினதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடற்கரை மேசை படத்தில் அள்ளும். வெள்ளை விரிப்பு, நீலக் கண்ணாடிக் கிண்ணம், சிப்பி, சங்கு, ஜாடியில் ஹைட்ரேஞ்சியா. கடல் தெரிகிற வீட்டில் பொருத்தமாகவும் இருக்கும். கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கார் ஷெட் பக்கத்தில் சிப்பியைப் பரப்புவது எனக்கென்னவோ ஒட்டவில்லை. மணலைக் கண்ணாடிக் குடுவையில் நிரப்பி வைக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த மணல் கடைசியில் இறால் தட்டில்தான் இருக்கும். வெள்ளை விரிப்பில் இன்னொரு கோளாறு: நேர் வெயிலில் கண் கூசும், எதிரே உட்கார்ந்தவரின் முகமே தெரியாது. நிழலில் போட்டால் அந்தக் குறை இல்லை.

ஆனால் ஹைட்ரேஞ்சியாவை விட மனமில்லை. இங்கே அது டிசம்பரில் வீட்டுக்கு வீடு வேலியோரம் பூத்துக் குலுங்கும். பழைய வீடுகளில் கிறிஸ்துமஸ் பூ என்றால் அதுதான். சூடு மட்டும் ஆகாது, அரை மணியில் தலை தொங்கிவிடும். வாடினால் தண்டை மறுபடி வெட்டி, பூவைத் தலைகீழாகக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி வையுங்கள். இதழ் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சுகிற பூ என்பதால் பெரும்பாலும் எழுந்துவிடும். கேக்கின் மேல் மட்டும் கிள்ளி வைக்காதீர்கள், அது சாப்பிடக் கூடாத பூ. அதே காலத்தில் பூக்கும் நீல அகபாந்தஸின் சாறும் தோலில் பட்டால் எரியும். அது ஜாடியிலேயே இருக்கட்டும்.

நாட்டுச் செடி மேசைக்கு வருகிறேன். இதில் நான் பாரபட்சம் பார்ப்பவள், முன்பே சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் 'கிறிஸ்துமஸ் புஷ்' என்றே பெயர் வைத்த ஒரு செடி இருக்கிறது. வசந்தத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூவாகப் பூக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பூ முடிந்த பிறகு அதன் புல்லிவட்டம் பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மரமே செம்பட்டு உடுத்தி நிற்கும். நம்மூர்க் காகிதப்பூவிலும் நிறம் காட்டுவது பூ அல்லவே, அந்த மாதிரி. ஆக, மாமியார் கேட்கும் சிவப்பும் பச்சையும் இந்த ஊர்ச் செடியிலேயே சரியாக அந்த வாரத்தில் கிடைக்கிறது. விக்டோரியாவில் இதே பெயரில் சொல்வது வேறு செடி, வெள்ளைப் பூ. கடல் தாண்டி நியூசிலாந்தில் பொஹுடுகாவா மரம் டிசம்பரில் சிவந்து பூக்கும், அவர்களுக்கு அதுதான் கிறிஸ்துமஸ் மரம்.

இதோடு யூகலிப்டஸ் கிளைகள், பாங்க்சியா என்ற இந்த ஊர் மரத்தின் காய்ந்த காய்கள். நீளவாக்கில் மேசை நடுவே கிளையைக் கிடத்தி, இடையிடையே கிறிஸ்துமஸ் புஷ்ஷைச் சின்ன ஜாடிகளில் வைத்தால் வேலை முடிந்தது. யூகலிப்டஸ் இலை தண்ணீர் இல்லாமலே ஒரு நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும். காய்ந்தாலும் அழகாகவே காயும். நம் ஆட்கள் மேசைக்கு வந்ததும் முதலில் சொல்வது "ஊட்டி வாசனை வருதே!" என்பதுதான். வராமல் என்ன? நீலகிரியில் தைலம் எடுக்கும் மரம் இந்த நாட்டிலிருந்துதானே அங்கே போனது.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. தேசியப் பூங்காவிலோ சாலையோரக் காட்டிலோ ஒடிக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். உங்கள் தோட்டம், நண்பர் தோட்டம், பூக்கடை, இந்த மூன்றில் ஒன்றுதான். கிளையை முந்தின நாளே வெட்டி வெளியில் உதறி வையுங்கள், எறும்பும் சிலந்தியும் இறங்கிப் போகட்டும். எண்ணெய் உள்ள இலை என்பதால் பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. பூ வைக்கும் ஜாடி ஒரு சாண் உயரத்தைத் தாண்ட வேண்டாம்; எதிரே இருப்பவரோடு பேச எட்டி எட்டிப் பார்க்கும்படி ஆகிவிடும்.

நடுவில் ஒரு வருடம் வாழையிலையை நீளமாகப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குத் திருவிழாப் பந்தல் மாதிரி இருந்தது. இரண்டு மணிக்கு ஓரம் சுருண்டு அப்பளம். சாப்பிடுவதற்கு இலை போடுவதானால் சரி, அலங்காரத்துக்கு வெயிலில் அது தாங்காது.

விளக்கு, விரிப்பு, தட்டு

மதிய விருந்துக்கு விளக்கே வேண்டாம்; எரிவது யாருக்கும் தெரியப் போவதில்லை. மாலைக்கு, பாட்டரியிலோ சூரிய சக்தியிலோ எரியும் சரவிளக்கு ஒன்று. மெழுகுவர்த்திதான் வேண்டும் என்றால் தேன்மெழுகு கொஞ்சம் கூடுதலாகச் சூடு தாங்கும், குட்டையாகக் கண்ணாடிக் குவளைக்குள் இருப்பது இன்னும் நல்லது. ஆனால் காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியே எந்தத் தீயும் வேண்டாம், பேசாமல் பாட்டரி மெழுகுவர்த்திக்குப் போய்விடுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றிக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கூட்டத்தை 1938இல் மெல்பர்னில் தொடங்கியவர்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான். அவர்களே இப்போது பிள்ளைகள் கையில் பாட்டரி மெழுகுவர்த்தியைக் கொடுக்கிறார்கள். நமக்கென்ன கௌரவம்?

விரிப்புக்குக் கசங்கின பருத்தியோ லினனோ போதும், மண் நிறம் அல்லது வெளிர்ப்பச்சை. நான்கு மூலையிலும் கிளிப் போடுங்கள். தட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை: கனமான பீங்கான் காற்றுக்கு அசையாது, மெலமைன் உடையாது, காகிதத் தட்டு குழம்புக்கு ஆகாது. கண்ணாடிக் குவளை மட்டும் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் தோட்டத்தில் வேண்டாம். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரை வைக்கிறேன். ஐஸ் போட்டால் வெளியே முத்து முத்தாக வியர்த்து, வெள்ளி மாதிரி மின்னும். வாங்க ஆசைப்பட்டு விலை விசாரித்த பக்கத்து வீட்டுப் பெண்மணியும் உண்டு.

தட்டுக்கு ஒரு 'பான்பான்' கண்டிப்பாக வேண்டும். இருவர் இரு முனையைப் பிடித்து இழுத்தால் டப்பென்று வெடிக்கும் காகித உருளை. 1840களில் லண்டன் மிட்டாய்க்காரர் டாம் ஸ்மித் தொடங்கிவைத்தது. உள்ளே காகிதக் கிரீடம் இருக்கும், எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும். வெயிலில் வியர்த்தால் அதன் சாயம் நெற்றியில் இறங்கும். எங்கள் மாமா ஒருவர் சபை மூப்பர். அன்றைக்கு முழுதும் நாமம் போட்டவர்போல் சுற்றினார்.

சாப்பாடே அலங்காரம்

கோடை மேசையில் பாதி நிறத்தைப் பழத்திடம் விட்டுவிடலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை செர்ரிக் காலம், மாம்பழமும் தட்டுத் தட்டாக வரும். கென்சிங்டன் பிரைடு என்ற மாம்பழ ரகத்தில் ஒரு தட்டு வாங்கி, பழுத்ததை மரக்கிண்ணத்தில் குவித்து வைத்தால் எந்தத் தங்க உருண்டையும் தேவையில்லை. செர்ரியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸோடு வையுங்கள், சிவப்பு வந்துவிட்டது. சிட்னி மீன் சந்தை 23ஆம் தேதி காலை 5 மணிக்குத் திறந்து 24 மாலை 5 வரை, 36 மணி நேரம் விடாமல் நடப்பது வழக்கம். இறாலுக்கு நடுராத்திரியில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் இறாலும் ஹாமும் மேசையில் அலங்காரமாக உட்கார முடியாது. இந்த நாட்டின் உணவுப் பாதுகாப்புக் கணக்கு இது: குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டிய உணவு 5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் திரும்ப உள்ளே வைக்கலாம், இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் என்றால் அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும், நான்கைத் தாண்டினால் குப்பை. அதனால் சின்னத் தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவருவேன், வலை மூடியும் போட்டிருப்பேன். பிரியாணி நேர்மாறு, 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும். அது பக்க மேசையில் மூடின பாத்திரத்தில். முட்டை வெள்ளையில் செய்யும் பாவ்லோவா என்ற இனிப்பை ஈரக்காற்றில் விட்டால் நீர் விட்டு அழ ஆரம்பித்துவிடும். கிரீமும் பழமும் கடைசி நிமிடத்தில்தான்.

இந்த வருடம் எங்கள் வீட்டில் 14 பேர். கிழக்கு வராந்தா, மாலை ஆறரை, நாட்டுச் செடி மேசை, இரண்டு கிண்ணம் ஹைட்ரேஞ்சியா ஆறு மணி வரை உள்ளேயே. அலங்காரம் அத்தனையும் மூன்று தாம்பாளங்களில் அடுக்கியிருக்கிறேன். 2019 டிசம்பரில் காட்டுத்தீப் புகை சிட்னியை நாள்கணக்கில் மூடியிருந்தபோது கற்றுக்கொண்ட பழக்கம் இது. புகையோ 40 டிகிரியோ வந்தால் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம், பத்து நிமிட வேலை. 23ஆம் தேதி வானிலை பார்த்துத்தான் முடிவு.

கேக் மேசை மட்டும் எப்படியும் உள்ளேதான், ஏசிக்கு நேர் கீழே. அங்கே சிவப்பு விரிப்பு, தங்க ரிப்பன், பஞ்சுப் பனி, ஆறு மெழுகுவர்த்தி எல்லாம் மாமியார் பொறுப்பு. நாத்தனார் வந்ததும் நேரே போய் அவை நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்ப்பாள்.